ஸ்காட்லாந்தில் ஒன்பது நாள் கார்ப் பயணம்: ஸ்கையை விடுவதா, ஹாரிஸை விடுவதா?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதத் தொடக்கத்தில் அலுவலக வேலையாக எடின்பரோ வருகிறேன். வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றிரவு என் மனைவியும், பதினொரு வயது மகளும், அறுபத்தெட்டு வயதான அம்மாவும் கோவையிலிருந்து வந்து சேர்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வாடகைக்குக் கார் எடுத்து, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு எடின்பரோவிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆக, கையில் இருப்பவை ஒன்பது பகல்களும் எட்டு இரவுகளும்.

வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் போட்டிருக்கும் திட்டம் இது. சனிக்கிழமை இன்வெர்னஸ், ஞாயிறு வடகோடியில் உள்ள ஜான் ஓ குரோட்ஸ், திங்கள் ஆர்க்னி தீவுக்குப் போய்த் திரும்புதல், செவ்வாய் வடக்குக் கடற்கரை வழியாக உல்லாபூல், புதன் பீலாக் நா பா மலைக் கணவாயைக் கடந்து ஸ்கை தீவு, வியாழனும் வெள்ளியும் ஸ்கையில், சனிக்கிழமை அங்கிருந்து கப்பலில் ஹாரிஸ் தீவு, ஞாயிறு ஸ்டோர்னோவேயிலிருந்து கப்பலில் உல்லாபூல் திரும்பி, மாலைக்குள் எடின்பரோ. தூரங்களைக் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 150 மைலுக்குள்தான் வருகிறது என்பதால் இயலும் என்றே நினைக்கிறேன். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பலமுறை ஓட்டிய பழக்கமும் உண்டு. ஆனாலும் என் மனைவி இந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, இது பயணமா, பேருந்து வழித்தட அட்டவணையா என்று கேட்கிறார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிக தூரம் நடக்க முடியாது. அவர் சைவ உணவு மட்டுமே உண்பார். என்னிடம் தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. எதையாவது விட வேண்டுமென்றால் ஸ்கையை விடுவதா, ஹாரிஸை விடுவதா? அங்கே ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகடல்:

வணக்கம் நண்பரே. பன்னிரண்டு ஆண்டுகளாக இன்வெர்னஸில் வசிக்கிறேன். உங்கள் மனைவி சொல்வதே சரி. நீங்கள் கேட்ட இரண்டையும் விட வேண்டாம்; கேட்காத ஒன்றை விடுங்கள். இன்வெர்னஸுக்கு வடக்கே இருக்கும் பகுதி முழுவதையும், ஆர்க்னியையும் சேர்த்து, இந்த முறை மறந்துவிடுவது நல்லது.

காரணத்தைச் சொல்கிறேன். நீங்கள் வரைந்திருக்கும் வடக்குச் சுற்று, 2015-இல் சுற்றுலாவுக்காக ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயரிடப்பட்ட, ஏறத்தாழ 516 மைல் நீளமுள்ள வழியின் பெரும்பகுதி. அதற்கு மட்டுமே ஒரு வாரம் வேண்டும். ஆர்க்னியில் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்காரா பிரே என்ற கற்கால ஊர் இருக்கிறது; எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழமையான அந்த வீடுகளில் கல்லாலான அலமாரிகளும் படுக்கைகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. அதைப் பார்க்கக் காலையில் போய் மாலையில் திரும்புவது, தஞ்சைப் பெரிய கோயிலின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உடனே மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் போன்றது.

இந்த நாட்டில் தூரத்தை மைலில் எண்ணக் கூடாது, மணியில் எண்ண வேண்டும். எடின்பரோவிலிருந்து இன்வெர்னஸ் வரையிலான 156 மைலை மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். மேற்குக் கரையிலும் தீவுகளிலும் அதே நேரத்தில் அதில் பாதியைக் கடந்தால் பெரிய காரியம், ஏனெனில் பல இடங்களில் சாலை என்பது ஒரே ஒரு வண்டி போகும் அகலமே கொண்டது. எதிரே வருபவருக்கு வழிவிட ஆங்காங்கே ‘பாசிங் பிளேஸ்’ என்ற ஒதுங்கும் இடங்கள் இருக்கும். அந்த இடம் உங்களுக்கு இடப்புறம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்புறம் இருந்தால் அதற்குள் நுழையாமல், நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்று, எதிரே வருபவர் அதற்குள் புகுந்து சுற்றிப் போக விடுங்கள். மேடேறி வருபவருக்கு முதலில் வழிவிடுவது மரபு. பின்னால் வரும் உள்ளூர்க்காரர் அவசரத்தில் இருப்பதாகத் தெரிந்தால் ஒதுங்கி அவரை முன்னே போகவிட வேண்டும். வேலைக்கோ பள்ளிக்கோ மருத்துவரிடமோ போகும் அவருக்கு இது சுற்றுலாச் சாலை அன்று. படம் எடுப்பதற்காக ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போவதைப் போல உள்ளூர் மக்களின் கோபத்தைக் கிளறுவது வேறில்லை. வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது உயர்த்தி நன்றி சொல்லுங்கள். எல்லாரும் சொல்வார்கள்.

வால்பாறைப் பழக்கம் மலையேற உதவும் என்றாலும், அங்கே வளைவில் ஒலிப்பானை அழுத்தும் கையை இங்கே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். சாலையின் இடப்புறம் ஓட்டுவதால் உங்களுக்குத் தடுமாற்றம் இராது. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை இங்கே எல்லாரும் உண்மையாகவே பின்பற்றுகிறார்கள் என்பதுதான் முதல் நாளில் உங்களை வியக்க வைக்கும்.

பார்வையாளராக வருபவர் தம் நாட்டின் முழு உரிமத்தைக் கொண்டு பன்னிரண்டு மாதம் வரை இங்கே கார் ஓட்டலாம். இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை நிறுவனங்களில் சில அதைக் கேட்பதுண்டு. முன்பணத்தைப் பிடித்து வைக்க, ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். உங்கள் மகள் 135 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டவில்லை என்றால், பன்னிரண்டு வயது நிறையும்வரை பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், காருடன் அதையும் சேர்த்துக் கேளுங்கள். காரைக் கப்பலில் ஏற்றலாமா என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான் சொல்லும் வழி இது. சனி, ஞாயிறு இரவுகள் கிளென்கோ பள்ளத்தாக்கில். திங்கள் காலை கிளென்ஃபினனைப் பார்த்துக்கொண்டு மாலெய்க் துறைமுகம். அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்கை தீவின் ஆர்மடேலில் கப்பல் விட்டுவிடும். திங்கள், செவ்வாய், புதன் இரவுகள் ஸ்கையில். வியாழன் ஊயிக் துறையிலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரக் கடற்பயணத்தில் ஹாரிஸின் டார்பெர்ட். வியாழன், வெள்ளி இரவுகள் அங்கே. சனிக்கிழமை ஸ்டோர்னோவேயிலிருந்து உல்லாபூலுக்குக் கப்பல், இரவு இன்வெர்னஸ். ஞாயிறு எடின்பரோ. வந்த சாலையில் திரும்பாமல் ஒரு வட்டம் முடிந்துவிடும்.

உங்கள் பழைய திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை கடைசி ஞாயிற்றுக்கிழமைதான். ஹாரிஸும், அதனோடு ஒரே நிலமாய் வடக்கே ஒட்டியிருக்கும், ஸ்டோர்னோவே துறைமுகம் உள்ள லூயிஸும் ஞாயிறு ஓய்வை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து வந்த கிறித்தவப் பகுதிகள். ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான், அதுவும் எதிர்ப்புகளுக்கு நடுவே. இன்றும் அந்த நாளில் ஹாரிஸில் பெரும்பாலான கடைகளும் உணவகங்களும் பெட்ரோல் நிலையங்களும் அடைத்திருக்கும். கப்பலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல், பிறகு ஒன்றரை மணி நேரம் இன்வெர்னஸ், பிறகு மூன்றரை மணி நேரம் எடின்பரோ என்று கூட்டிப் பாருங்கள். மாலைக்குள் சேர்வது நடக்காது.

தேயிலைக்கோப்பை:

வடகடல் அவர்கள் சொன்னதில் வடக்கை விடச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஹாரிஸை வைத்துக்கொள்ளச் சொன்னதை ஏற்கவில்லை. நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது இதே போன்ற ஒரு பயணத்தை அவருடன் செய்தேன் என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அவர் தந்திருக்கும் வட்டத்தில் மூன்று கப்பல்கள் இருக்கின்றன. கோடையிலும் பலத்த காற்று அடித்தாலோ கப்பல் பழுதானாலோ பயணத்தை நிறுத்திவிடுவார்கள். ஒன்று நின்றால் அதற்குப் பின் முன்பதிவு செய்த அறைகள் எல்லாம் வரிசையாகக் குலைந்துபோகும். எங்களுக்கு ஒரு முறை அப்படி ஆகி, துறைமுக ஊரில் மிஞ்சியிருந்த ஒரே அறையில் ஐந்து பேர் தங்கினோம். ஸ்கைக்கு மட்டும் போவதானால் கப்பலே வேண்டாம். 1995-இல் திறந்த பாலம் இருக்கிறது. தொடக்கத்தில் வாங்கிய சுங்கத்தையும் மக்கள் போராடி 2004 இறுதியில் நீக்கிவிட்டார்கள். கிளென்கோவிலிருந்து இன்வர்காரி வழியாகப் பாலத்துக்கு வந்தால் வழியில் ஏலன் டோனன் கோட்டையையும் பார்க்கலாம். 1719-இல் பீரங்கிகளாலும் வெடிமருந்தாலும் தகர்க்கப்பட்டு இருநூறு ஆண்டுகள் இடிபாடாகக் கிடந்து, 1919-க்கும் 1932-க்கும் இடையே மீண்டும் கட்டப்பட்ட கோட்டை அது. உள்ளே படிகள் அதிகம் என்பதால் அம்மா கரையில் அமர்ந்து பார்த்தாலே போதும், வெளித்தோற்றம்தான் அழகு. ஆகவே ஸ்கையில் நான்கு இரவுகள், மீதியை இன்வெர்னஸ் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கையில் அம்மாவுக்கு ஏற்ற இடங்களும் ஏலாத இடங்களும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூணுக்கு ஏறுவது அவருக்கு ஆகாது. ஆனால் போர்ட்ரீயிலிருந்து வடக்கே போகும் சாலையிலிருந்தே அது நன்றாகத் தெரியும். கில்ட் ராக் என்ற செங்குத்துப் பாறையையும் அங்கே நேராகக் கடலில் விழும் அருவியையும் கார் நிறுத்தும் இடத்திலிருந்து சில அடிகளில் பார்த்துவிடலாம். குயிராங் மலைச்சரிவின் உச்சிவரை சாலை போகிறது. அங்கே இறங்கி நின்றாலே போதும், நிலம் சரிந்து மடிந்து கிடக்கும் காட்சி முழுவதும் கண்முன் இருக்கும். நெய்ஸ்ட் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. இறங்குவதைவிட ஏறுவது கொடுமை. ஜூன் தொடக்கத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால், கூட்டம் மொய்க்கும் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, இரவு உணவுக்குப் பிறகு குயிராங் போங்கள். இதற்காகவே ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. சிற்றூர் உணவகங்களில் எட்டு, எட்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். சைவத்துக்கு ஒரு சூப், ஒரு பாஸ்தா, பருப்பும் ஓட்ஸும் கலந்த சைவ ஹாகிஸ் என்பதோடு முடிந்துவிடும். ஆகவே விடுதி அறையை விடச் சமையலறையுடன் கூடிய வீட்டை எடுப்பது நல்லது. அரிசியையும் பருப்புப் பொடியையும் எடின்பரோவிலேயே வாங்கிவிடுங்கள். ஆனால் கடுகு தாளிக்கும்முன் சன்னலைத் திறந்துவிடுங்கள். 2022 பிப்ரவரி முதல் ஸ்காட்லாந்தின் வீடுகள் எல்லாவற்றிலும் தீ எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று அலறினால் எல்லாம் அலறும். என் மாமியார் ரசம் தாளித்த அன்று அடுத்த வீட்டுக்காரர் வாளியுடன் வந்துவிட்டார்.

பூச்சிகள் இரண்டு. மிட்ஜ் என்பது கொசுவைவிடச் சிறியது. காற்றில்லாத மாலைகளில், ஏரிக்கரைகளில், மேகம்போல் திரண்டு வந்து கடிக்கும். சிறிது காற்று அடித்தாலே காணாமற்போகும். தலையை மூடும் வலையும் பூசும் மருந்தும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். மற்றொன்று உண்ணி. இது கண்ணுக்கு எளிதில் தெரியாது. லைம் நோயைப் பரப்பக்கூடியது. மகள் புல்லிலும் பெரணிப் புதரிலும் விளையாடினால், அன்றிரவே முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமயிர் என்று பார்த்து, உண்ணி எடுக்கும் சிறு கொக்கியால் நீக்கிவிட வேண்டும்.

நொய்யல்கரை:

இருவருக்கும் நன்றி. வடக்கை விட்டுவிட்டேன், மனைவி உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

சகோதரி சொன்னதைப் படித்தபின் ஹாரிஸையும் விட்டுவிடலாம் என்றே நேற்று முடிவு செய்திருந்தேன். ஆனால் ஒரு சிக்கல். நான் ஹாரிஸை முதலில் திட்டத்தில் சேர்த்ததே அம்மாவுக்காகத்தான். அவர் பிறந்தது சென்னிமலையில். தாத்தா வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. திருமணம் ஆகும்வரை அம்மா பாவு எனும் நீளவாட்டு நூலைப் புணைப்பதும், குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தாரில் சுற்றுவதும், போர்வை நெய்வதுமாகவே வளர்ந்தவர். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியை இன்றும் வீட்டுத் தறியில்தான் நெய்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு அவரிடம் சொல்லியிருந்தேன். நேற்று ஹாரிஸ் இல்லை என்றதும், சரிப்பா, உங்களுக்கு எது தோதோ அதைச் செய்யுங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். நான் படித்தது உண்மைதானா? அல்லது சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு தறியை வைத்துக் காட்டும் கதையா?

பெட்டிபடுக்கை:

நான் ஈரோட்டுக்காரன், வேலை மான்செஸ்டரில். ஹாரிஸுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். நீங்கள் படித்தது உண்மைதான். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

நாடாளுமன்றம் 1993-இல் நிறைவேற்றிய ஹாரிஸ் ட்வீட் சட்டத்தின்படி, லூயிஸும் ஹாரிஸும் அடங்கிய புறத்தீவுகளில் (அவுட்டர் ஹெப்ரிடீஸ்) சாயமேற்றி நூற்கப்பட்ட தூய கம்பளி நூலைக் கொண்டு, அத்தீவு மக்கள் தம் வீட்டில் கையால் நெய்து, அங்கேயே பதப்படுத்திய துணிக்கு மட்டுமே ஹாரிஸ் ட்வீட் என்ற பெயரும் சிலுவை தாங்கிய உருண்டை முத்திரையும் உரியவை. ஆலையில் நெய்தால் அந்தப் பெயர் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: லூயிஸில் உள்ள ஆலைகளில் நூல் நூற்றுப் பாவு ஓட்டி, அந்தப் பாவையும் ஊடை நூலையும் வண்டியில் ஏற்றி நெசவாளரின் வீட்டு வாசலில் இறக்குவார்கள், அவர் நெய்து முடித்த துணியை ஆலை திரும்ப எடுத்துச் சென்று துவைத்துச் சீராக்கும். கூட்டுறவுச் சங்கத்திலோ மாஸ்டர் வீவரிடமோ பாவு வாங்கி வந்து நெய்து கொடுத்த நம் ஊர் முறைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. தறிதான் வேறு. மின்சாரம் கிடையாது, ஆனால் பலகை மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துவதற்கு மாறாக, இப்போதுள்ள அகலத் தறிகளில் சைக்கிள் மிதிப்பதைப் போல மிதிக்கிறார்கள். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை எறிய வேண்டியதில்லை. தறிச் சத்தம் மட்டும் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையிலிருந்து சாலைவரை கேட்கும். நான் சென்னிமலைத் தெருக்களில் நடந்தவன் என்பதால், காரின் கண்ணாடியை இறக்கியதும் அந்தச் சத்தத்தில் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டேன்.

தேயிலைக்கோப்பை அவர்களின் அச்சம் நியாயமானது என்றாலும், ஹாரிஸ் அம்மாவின் முழங்காலுக்கு ஸ்கையைவிட எளிய இடம். லஸ்கென்டயர் கடற்கரைக்கான சாலை நெடுகிலும், மணலும் பச்சையும் நீலமும் கலந்த நீரும் கார்ச் சன்னலுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கும். நீர் மட்டும் பனிக்கட்டியாய்க் குளிரும். மேற்குக் கரையைப் பார்த்தபின் கிழக்குக் கரையின் ‘கோல்டன் ரோடு’ வழியாகத் திரும்புங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நில உரிமையாளர்கள் மேற்கின் நல்ல புல்வெளிகளிலிருந்து குடிமக்களை வெளியேற்றி அங்கே செம்மறி ஆடுகளை மேயவிட்டார்கள். துரத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இந்தக் கிழக்குப் பாறைகளின்மேல் குடியேறினர். கடற்பாசியையும் கிடைத்த மண்ணையும் கொண்டு பாறைமேல் வரப்பெடுத்து உருளைக்கிழங்கு பயிரிட்டிருக்கிறார்கள். அந்த வரப்புகளின் தடம் இன்றும் தெரிகிறது. குழி தோண்டும் ஆழத்துக்குக்கூட மண் இல்லாததால், இறந்தவர்களைத் தோளில் சுமந்து மலையைக் கடந்து, தாங்கள் இழந்த அதே மேற்குக் கரையில் அடக்கம் செய்தார்கள். இந்தத் தீவில் நெசவு எதனால் தழைத்தது என்பதை அந்தப் பாறைகளைப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் வடக்கே ஓட்டினால் கலானிஷ் நடுகற்கள். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியவை, தொட்டுப் பார்க்கலாம், நடை மிகக் குறைவு. பக்கத்திலேயே கெர்ரனன் என்ற ஊரில் கூரை வேய்ந்த பழைய கல்வீடுகளைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள்.

இனி இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பெயர்க் குழப்பம். டார்பெர்ட் என்பது கேலிக் மொழியில் இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையிலான ஒடுங்கிய நிலத்தைக் குறிக்கும் சொல். ஆகவே ஸ்காட்லாந்தில் டார்பெர்ட்டுகள் பல. லாக் லோமண்ட் கரையிலேயே ஒன்று இருக்கிறது. ஊயிக்கும் அப்படித்தான்: ஸ்கையில் ஒன்று, லூயிஸில் ஒன்று. வழிகாட்டிக் கருவியில் ஊர்ப் பெயரை நம்பாமல் அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள். பல பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் இராது என்பதால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தீவுகளின் பெயர்ப் பலகைகளில் கேலிக் பெயர் முதலிலும் பெரிதாகவும் இருக்கும். பார்த்துத் திகைக்க வேண்டாம்.

இரண்டாவது, டயர். ஸ்கையில் எதிரே வந்த வேனுக்கு வழிவிடச் சாலையின் ஓரத்தில் இறங்கினேன். தார் விளிம்பு கத்திபோல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. பின்பெட்டியைத் திறந்தால் மாற்று டயர் இல்லை. நுரை அடிக்கும் ஒரு குப்பி மட்டுமே இருந்தது, அது பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. நான்கு மணி நேரம் மழையில் காத்திருந்தோம். வாடகை நிறுவனத்தின் காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் சேரா என்பதைப் பிறகுதான் படித்தேன். கார் எடுக்கும்போதே மாற்று டயர் உள்ள வண்டியாகக் கேளுங்கள். இல்லையென்றால் டயரையும் கண்ணாடியையும் சேர்க்கும் காப்பீட்டை எடுங்கள். வேலியில்லாத சாலைகளில் செம்மறிகள் படுத்திருக்கும். ஜூனில் குட்டிகள் கூட இருக்கும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நிற்பதைக் கண்டால் நின்றுவிடுங்கள், குட்டி தாயிடம் ஓடியே தீரும்.

தேயிலைக்கோப்பை:

தறியைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஹாரிஸ் போங்கள். என் ஒரே வேண்டுகோள், பெரிய கப்பல்களில் ஏறுமுன் துறைமுகப் பணியாளரிடம் அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். பயணம் முழுவதும் காரிலேயே அமர்ந்திருக்க அனுமதி இல்லை, ஆனால் சொன்னால் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் தருவார்கள்.

வடகடல்:

முன்பதிவு செய்யும் வரிசையைச் சொல்ல மறந்தேன். நம்மவர்கள் முதலில் விடுதியைப் போட்டுவிட்டுப் பிறகு கப்பலைத் தேடுவார்கள். இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஜூன் மாதக் கப்பல்களில் கார் இடம்தான் முதலில் தீரும், ஆட்களுக்கான இடமன்று. ஆகவே முதலில் மூன்று கப்பல்களிலும் கார் இடம்; அது உறுதியான பிறகு ஸ்கையிலும் ஹாரிஸிலும் வீடு; கடைசியாகக் கார். மாலெய்க் கப்பல் நின்றால் கவலை வேண்டாம். சகோதரி சொன்ன பாலம் இருக்கிறது, அன்று கோட்டையையும் பார்த்துவிடுங்கள். ஹாரிஸ் கப்பல்களுக்கு அப்படி மாற்று இல்லை என்பதால், ஸ்டோர்னோவேயிலிருந்து சனிக்கிழமை முதல் கப்பலைப் பிடியுங்கள்; அது நின்றாலும் அடுத்ததுக்கு வாய்ப்பிருக்கும். உங்கள் விமானம் திங்களுக்குப் பிறகு என்றால் இன்னும் நிம்மதி.

கிளென்கோவில் இரண்டு இரவுகள் அதிகமோ என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். ரான்னாக் மூர் சதுப்புவெளியைக் கடந்து அந்தப் பள்ளத்தாக்குக்குள் சாலை இறங்கும் இடத்தில், ‘மூன்று சகோதரிகள்’ என்ற மலைமுகடுகளை அம்மா காரில் இருந்தபடியே பார்க்கலாம். 1692 பிப்ரவரி 13 விடியற்காலையில், ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கள் வீடுகளில் விருந்துண்டு தங்கியிருந்த படைவீரர்களாலேயே மெக்டொனால்டு குடியினர் 38 பேர் கொல்லப்பட்ட இடம் அது. கொலையைவிட, உண்ட வீட்டில் செய்த கொலை என்பதுதான் இங்கே இன்றும் மறக்கப்படவில்லை.

கடைசி நாள் இன்வெர்னஸிலிருந்து வரும் ஏ9 சாலையில், டன்பிளேன் வரை சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் இருக்கின்றன. கேமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு கூட்டும் நம் ஊர் உத்தி அங்கே செல்லாது.

நொய்யல்கரை:

நேற்றிரவு மூன்று கப்பல்களிலும் கார் இடம் கிடைத்துவிட்டது. வட்டம் வடகடல் ஐயா சொன்னபடியே. ஸ்கையில் போர்ட்ரீயில் கிடைக்கவில்லை. பிராட்ஃபோர்டில் சமையலறையுடன் ஒரு வீடு அமைந்தது. ஹாரிஸில் டார்பெர்ட்டுக்கு அருகிலேயே ஒரு வீடு. திரும்பும் விமானம் செவ்வாய்க்கிழமைதான்.

அம்மாவிடம் சொன்னேன். நாடா எறியாமல் எப்படி ஊடை ஓடும் என்று மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. நெய்கிறவருக்குக் கொடுப்பதற்காகச் சென்னிமலைப் போர்வை ஒன்றை எடுத்துவரலாமா, அது அவர்களுக்குத் தவறாகப் படுமா என்றும் கேட்கிறார்.

பெட்டிபடுக்கை:

தாராளமாக எடுத்து வரச் சொல்லுங்கள். தறிக் கொட்டகைகள் சிலவற்றின் வாசலில் பார்வையாளர் வரலாம் என்ற பலகை இருக்கும். அது இல்லாத இடத்தில் அது ஒருவரின் வேலையிடம் என்பதால் நுழைய வேண்டாம். பலகை இருந்தாலும் முந்தின நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆலையிலிருந்து பாவு வராத நாளில் தறி ஓடாது. வெள்ளிக்கிழமை காலையையே அதற்கு வைத்து, கலானிஷைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். ஊடை நூலை இரு பக்கத்திலிருந்தும் நீண்டு வரும் கம்பிகள் பாவின் நடுவில் கைமாற்றிக்கொள்கின்றன. அம்மாவிடம் நீங்கள் விளக்க முயல வேண்டாம். கொட்டகைக்குள் போனால் அவரே உங்களுக்கு விளக்குவார்.